பொருட்காட்சித் திடலில் காய்ச்சிய பால்

பேய், பிசாசு, காத்து, கருப்பு என்று யாராவது பேச்செடுத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வேலைவெட்டி இல்லாதவர்கள் கட்டிவிடும் கதை என்று முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். இப்போது நம்புகிறாயா என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாது, ஆனால் இது நடந்தது. நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் எழுந்து போங்கள், உங்களை யாரும் கட்டி வைக்கவில்லை.

எழுபதுகளின் தொடக்கம். எங்கள் ஆட்களில் கல்யாணமான மகனை 'வேறு வைப்பார்கள்', அதாவது வீடு ஒன்றுதான், மகனுக்கும் மருமகளுக்கும் அடுப்பு மட்டும் தனி. கொத்தமங்கலத்தில் என் மாமியார் ஒருவர்தான் இதோ அதோ என்று இழுத்தடித்தார். மகள் உமையாளுக்கு மூன்று வயதாகியும் நான் அவருடைய அடுப்பில்தான் வெந்துகொண்டிருந்தேன், சீராகக் கொண்டுவந்த பாத்திரமெல்லாம் சாக்கைக்கூடப் பிரிக்காமல் அறையில் கிடந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியும்.

அப்போதுதான் என் வீட்டுக்காரர் மதுரையிலிருந்து ஒரு வேன் வாங்கி வந்தார். ஊர் ஊராகச் சுற்ற வந்த வெள்ளைக்காரர்கள் விற்றுவிட்டுப் போனது, உள்ளேயே படுக்கை, அலமாரி, பம்ப் ஸ்டவ், ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை. காரைக்குடியில் பொருட்காட்சி நடந்துகொண்டிருந்தது. ராட்டினக்காரர்கள் கூடாரம் அடித்திருந்த பின்பக்கத்தில் வண்டியை நிறுத்தித் தங்கிக்கொள்ளலாம் என்று பேசிவிட்டு வந்திருந்தார். "வா, ஒனக்குத் தனி அடுப்பு வாங்கியாந்துருக்கேன்" என்றார். கேலிக்குத்தான் சொன்னார், எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நாங்கள் போய்ச் சேர்ந்தது சாயங்காலம். பக்கத்துக் கூடாரத்தில் பாக்கியம் என்று ஒரு பெண், மரணக் கிணற்றில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவரின் மனைவி, அவள்தான் குழாய் இருக்கும் இடத்தைக் காட்டினாள், குழந்தைக்குப் பொரி கொடுத்தாள், அவ்வளவு சிரித்துப் பேசினாள். விளக்கு வைக்கும் நேரத்துக்கு என் வீட்டுக்காரர் குழந்தையையும் வாளியையும் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குப் போனார்.

வண்டியானால் என்ன, முதன்முதலாகக் குடியேறுகிறோம், பால் காய்ச்சாமல் எப்படி? கோவிலூர்ச் சாமி இருக்கும் திக்கைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, சாக்கைப் பிரித்துக் கையோடு எடுத்துவந்திருந்த சீர்ப் பாத்திரம் ஒன்றில் பாலை ஊற்றி ஸ்டவ்வில் ஏற்றினேன். இது என் வீடு, என் அடுப்பு என்று வாய்விட்டே சொன்னேன்.

பால் பொங்கவில்லை. சுடர் நீலமாக நின்று எரிகிறது, பக்கத்தில் கை வைத்தால் பொசுக்குகிறது, பாலில் விரலை விட்டால் கிணற்றுத் தண்ணீர் மாதிரி சில்லென்று இருக்கிறது. நான் பம்ப் அடித்து அடித்துக் கை ஓய்ந்தபோது பாக்கியம் வாசலில் வந்து நின்றாள். சற்றுமுன் சிரித்துப் பேசிய அதே பாக்கியம்தான். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"யாரு நீ? இந்த வண்டிக்காரம்மா எங்க?"

"வெளையாடுறியா? நாந்தான் வண்டிக்காரம்மா" என்றேன்.

"அடுப்பப் பத்த வச்சுட்டா வீடு ஒனக்காயிருமா? மரியாதையா எறங்கு" என்று காறித் துப்பினாள்.

எனக்கு வந்த கோபத்தில் அவளைப் பிடித்துத் தள்ளியிருப்பேன். அதற்குள் என் வீட்டுக்காரர் வந்துவிட்டார். அப்பாடா என்று வாயைத் திறந்தேன், அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு யாரோ ஒருத்தியைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

"யாருங்க நீங்க? எங்க வண்டிக்குள்ள என்ன செய்றீக?"

ஒருநாளும் என்னை 'நீங்க' என்று சொன்ன மனிதர் இல்லை. தாலியை எடுத்துக் காட்டினேன், அவர் அப்பாவின் பெயரைச் சொன்னேன், உமையாள் பிறந்த கதையைச் சொன்னேன். அவர் குனிந்து ஜாக்கிக் கம்பியை எடுத்தார்.

"பொம்பளைன்னு பாக்குறேன். எறங்குங்க. எம் பொஞ்சாதி வர்ற நேரம்."

குழந்தையைப் பார்த்துக் கையை நீட்டினேன். அவள் வீறிட்டு அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் அழுகை நின்றது, முகம் மலர்ந்தது, இரண்டு கையையும் நீட்டி "ஆத்தா" என்றாள். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் அம்மாவை அப்படித்தான் கூப்பிடும். ஆனால் அவள் என்னைக் கூப்பிடவில்லை. எனக்குப் பின்னால், வண்டிக்குள் பார்த்துக் கூப்பிட்டாள்.

திரும்பினேன். யாரும் இல்லை, அடுப்பு மட்டும் எரிகிறது. பயம் என்று சொல்ல மாட்டேன், அதைவிட ஆங்காரம்தான் எனக்கு. என் பிள்ளையை எவளுக்கடி கொடுப்பேன் என்று கத்திக்கொண்டே பாத்திரத்தைத் தூக்கி அடுப்பின்மேல் கவிழ்த்தேன். சுடர் அணைந்தது. அந்தச் சில்லிட்ட பால் கொதித்துக்கொண்டு வந்து என் பாதத்தில் வழிந்தது, தோல் உரிந்தே போனது.

"ஏண்டி, பாத்துச் செய்ய மாட்டியா?" என்று பதறிக்கொண்டு ஏறி வந்தார் என் வீட்டுக்காரர். உமையாள் என் மடியில் விழுந்து அழுதாள். பாக்கியம் தேங்காய் எண்ணெயோடு ஓடிவந்தாள். யாருக்கும் எதுவும் நினைவில்லை. அன்றைக்கே கொத்தமங்கலம் திரும்பிவிட்டோம், வேனை வந்த விலைக்குத் தள்ளிவிட்டார். என் கால் புண்ணைப் பார்த்தோ என்னவோ, அடுத்த தையில் மாமியார் எங்களை வேறு வைத்தார். நான் கேட்ட தனி அடுப்பு வந்தது, நன்றாகத்தான் வாழ்ந்தோம்.

போன வருஷம் என் வீட்டுக்காரர் படுக்கையில் விழுந்தார். நினைவெல்லாம் தெளிவாக இருந்தது, ஆள் அடையாளம் தெரிந்தது. ஒரு காலையில் கஞ்சி எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். என்னைப் பார்த்து, விருந்தாளியைக் கும்பிடுவதுபோலக் கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு என் தோளுக்குப் பின்னால் பார்த்து, அவ்வளவு பிரியமாக, "ஏண்டி, வந்தவுகளுக்குக் காப்பி குடுத்தியா?" என்றார்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் பதிலைக் கேட்டுக்கொண்டதுபோலத் தலையை ஆட்டிவிட்டுக் கண்ணை மூடினார், அதற்குப்பிறகு பேசவே இல்லை. சாகப்போகிறவரின் பிதற்றல் என்று மகள் சொல்கிறாள், நீங்களும் அதைத்தான் சொல்வீர்கள். இருக்கட்டும். இத்தனை வருஷம் அவருக்குப் பொங்கிப் போட்டவள் நான்தானே? அதை மட்டும் சொல்லுங்கள்.