முதலாளிக்கு இரண்டு குரல்

லாரி ஆபீஸில் போன் எடுக்கிற வேலை என்றால், 'வண்டி வந்துகினே கீது சார்' என்பதை நாளெல்லாம் சொல்வதுதான். இப்படி ஏதாவது ஒரு வேலையில் உட்கார்ந்து தேய்ந்தவர்களுக்கு என் கஷ்டம் புரியும்.

தார்ப்பாய்

பொழுது போக எல்லாருடைய குரலிலும் பேசுவேன். எங்கள் முதலாளிக்கு மட்டும் இரண்டு குரல். ராணிப்பேட்டைக் கிளைக்கு டிரங்கால், அதாவது வெளியூர் போன், போட்டால், போனே வேண்டாம் என்கிற அளவுக்குக் கத்துவார். மதியம் ஆபீஸ் தெருவிலேயே இருக்கும் வீட்டிலிருந்து பேசினால், அம்மா தூங்குவதால் கிசுகிசுப்பார்.

ஒருநாள் அந்தக் கிசுகிசு குரலில் குடோனுக்குப் போன் போட்டு, தார்ப்பாயைக் காயப்போடச் சொன்னேன். குடோன் பார்க்கும் லூர்துசாமி அண்ணன் தார்ப்பாய் அத்தனையையும் வெயிலில் விரித்துவிட்டார். விஷயம் தெரிந்து அவர் கொதித்துக்கொண்டிருந்தபோது நிஜ முதலாளியே கூப்பிட்டார். அவருக்குக் கிடைத்த பதில்: "த்தோ, போன வைடா தறுதலை!"

டயர் லோடு

அந்தத் திட்டுக்கு வாங்கிக் கட்டிக்கொண்ட லூர்து அண்ணன், அதன்பிறகு முதலாளி குரலை எதிர்த்து வாயே திறப்பதில்லை. அடுத்த வாரம், "வர்ற வண்டியில டயர் லோட ஏத்து" என்று முதலாளி குரலில் போன் வந்தது. ஏற்றினார். வண்டி போனது போனதுதான். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். காலையில் போலீஸ் ஸ்டேஷன் என்றார் முதலாளி.

நல்லவேளை, அதற்குள் இன்ஷூரன்ஸ்காரர்கள் ஒரு துப்பறியும் ஆளை அனுப்பினார்கள். "முதலாளி மாதிரி பேசிக் காட்டு," என்றார் அவர்.

"டிரங்காலா சார், லோக்கலா?"

இரண்டையும் பேசினேன். கத்தியதைக் கேட்டதும் லூர்து அண்ணன் எகிறினார்: "இதான் சார்! வூட்டுலேர்ந்து பேசறேன்னு சொல்லிகினே இப்டிதான் கத்தினான்!"

வீட்டுப் போனில் முதலாளி கத்தமாட்டார் என்பது இங்கே இருக்கிற எல்லாருக்கும் தெரியும். அவரை டிரங்காலில் மட்டுமே கேட்ட ஆள் யார்? ராணிப்பேட்டைக் கிளார்க். லீவு போட்டு வந்து, நம்மூர்க் கடை போனிலிருந்தே பேசியிருக்கிறான். டயர்கள் அவன் மச்சான் வீட்டுக் கொட்டகையில் கிடைத்தன.

"இவன என்கூட அனுப்புறீங்களா?" என்று துப்பறிபவர் கேட்டார். முதலாளி யோசிக்கவே இல்லை: "இப்பவே கூட்டிகினு போயிடுங்க சார்!"

காது

புது வேலையில் முதல் கேஸ் பிள்ளைப்பாக்கத்தில். டயர் வெடித்து இரண்டு காதும் போச்சு என்று நஷ்டஈடு கேட்டிருந்தார் ஒருவர். வாசலில் அவர் மாமியாரிடம் தண்ணீர் வாங்கிக் குடித்து, நாலு வார்த்தை பேசிவிட்டுக் கொல்லைப்பக்கம் போனேன். மனிதர் முதுகு காட்டி உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். "மாப்ள, இன்னா பொகை வருது?" என்றேன், மாமியார் குரலில்.

பீடி பறந்து வேலிக்கு அந்தப்பக்கம் விழுந்தது. திரும்பி என்னைப் பார்த்தவர் கும்பிட்டார்: "கேஸு போனா போவுது தம்பி, பீடி சமாச்சாரத்த மட்டும் அவங்ககிட்ட சொல்லிடாத!"

நான் இப்படிப் பிழைத்துக்கொண்டேன், ஆனால் நிஜ முதலாளி இன்றைக்கும் ஒருதரம் கத்தி, ஒருதரம் கிசுகிசுத்துக் காட்டினால்தான் லூர்து அண்ணன் லோடு ஏற்றுகிறாராம்.