செவலைக்கு அறுத்த புல்

மலாயாவின் காஜா பெராங்கில் சாரதாம்பாளுக்கு இரண்டு பெயர் உண்டு. மாடு வைத்திருப்பவர்களுக்கு அவள் புல்லுக்கார அக்கா. கடைக்காரர்களுக்கு 'ஜப்பான் அம்மா'. இரண்டாவது பெயரை அவள் காதுபடச் சொல்லும் தைரியம் எவருக்கும் வந்ததில்லை. எந்நேரமும் கையில் அரிவாளோடு நடமாடுகிற பெண்ணிடம் யார் வம்பு வளர்ப்பார்கள்?

விஷயம் இதுதான். யுத்தத்தின்போது ஜப்பான்காரன் தம்பின் ரயில் லைனில் கிடந்த தண்டவாளத்தைப் பெயர்த்து, சயாமில் புது ரயில் பாதை போடக் கொண்டுபோனான். நாற்பத்து மூன்றில் அவள் கணவர் அப்பாசாமியையும் அந்த வேலைக்குத்தான் கொண்டுபோனான். தண்டவாளமும் திரும்பவில்லை, அப்பாசாமியும் திரும்பவில்லை. அன்று முதல் ஜப்பான் சாமான் எதையும் கையால் தொடுவதில்லை என்று வைராக்கியம் வைத்தாள். வெறும் வாய்ப்பேச்சு இல்லை. சிஹாபுதீன் பாய் கடையில் வாங்கிய டார்ச் லைட்டின் அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று பக்கத்து வீட்டுக் கோகிலா படித்துச் சொன்னதும், மண்டையைப் பிளக்கிற வெயிலில் திரும்ப நடந்துபோய் அதைப் பாயின் மேசைமேல் வைத்துவிட்டு வந்தாள். ஏன் என்று அவர் கேட்க, "உங்களுக்கே தெரியும்" என்பதோடு பேச்சு முடிந்தது.

இப்பேர்ப்பட்டவளிடம்தான் ஐம்பத்தாறாம் வருஷம் ஒரு ஜப்பான் குதிரை வந்து மாட்டிக்கொண்டது.

செமாபோக் பக்கம் ரப்பர் வியாபாரம் செய்த ஒரு சீன முதலாளிக்கு, ஊர்ப் பேச்சில் தவுக்கேவுக்கு, சின்னதாக ஒரு குதிரை லாயம் இருந்தது. காலில் வீக்கம் கண்ட பந்தயக் குதிரைகளை உஜோங் பாசிர் கடற்கரையில் முழங்கால் அளவு கடல் தண்ணீரில் நடக்கவிட்டுத் தேற்றுவதில் அவருக்கு ஒரு பித்து. அவரிடம் ரப்பர் வாங்க வந்த கோபே நகரத்து வியாபாரி, நட்புக்கு அடையாளமாக இந்தக் குதிரையை அனுப்பிவைத்தார். நல்ல சாதிக் குதிரை. ஜப்பானில் ஏழு பந்தயம் ஓடி இரண்டில் ஜெயித்து, பிறகு முன்னங்கால் வீங்கி நின்றுபோனது. கப்பலை விட்டு இறங்கும்போது விலா எலும்பை எண்ணிவிடலாம். தவிடு, ஓட்ஸ், கேரட் என்று எதை வைத்தாலும் மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

குதிரையைப் பார்த்துக்கொண்ட சுப்பையனுக்கு சாரதாம்பாளின் புல் ஞாபகம் வந்தது. கூடவே அவள் வைராக்கியமும் ஞாபகம் வந்தது. போய்க் கேட்டான். எந்த ஊர்க் குதிரை என்று அவள் விசாரித்தபோது, ஆஸ்திரேலியா என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தான். தவுக்கேயும் தலையாட்டிவிட்டார். பிறகென்ன, அந்த ஒரு பொய்யை லாயமே சேர்ந்து காவல் காத்தது.

அவள் புல் அறுப்பதே தனி. விடிந்ததும் செமாபோக் வயல் வரப்பில் இளம்புல்லாகப் பார்த்து அறுப்பாள். மாட்டுக்கு ஒரு தண்ணீரில் அலசினால் போதும். குதிரை வயிறு மண்ணைத் தாங்காது என்று மூன்று தண்ணீரில் அலசி, உதறி, ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவருவாள். முதல் நாள் ஒரு கைப்பிடியை நீட்டினாள். குதிரை மெதுவாக மென்றது. அடுத்த கைப்பிடியை அதுவே வந்து பிடுங்கியது. நிறத்தைப் பார்த்து அவளே செவலை என்று பெயரும் வைத்தாள். ஒரு மாதத்தில் அவள் செருப்புச் சத்தம் கேட்டாலே செவலை காதைத் தூக்கும். அவள் திட்டுவாள், அது முந்தானையைக் கடிக்கும், மறுபடி திட்டுவாள். லாயத்தில் அத்தனை பேருக்கும் அது வேடிக்கை.

கால் தேறியதும் தவுக்கே அதற்கு ரெட் லான்டர்ன் என்று பெயர் பதிந்து லாரியில் பந்தயத்துக்கு அனுப்பினார். சிங்கப்பூரில் பத்துக் குதிரையில் ஒன்பதாவது. அந்த ஊர்ப் புல் சரியில்லை என்று சாரதாம்பாள் தீர்ப்புச் சொன்னாள். ஈப்போவில் நான்காவது, அடுத்த தடவை மூன்றாவது. ஐம்பத்தேழில், மெர்டேக்கா என்கிற சுதந்திர நாளுக்கு மூன்று வாரம் இருக்கையில், கோலாலம்பூரில் கடைசி வளைவில் எல்லாரையும் தாண்டி அரைக் குதிரை நீளத்தில் ஜெயித்தது.

தமிழ்ப் பேப்பரில் படம் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டதும் சாரதாம்பாள் சிஹாபுதீன் கடைக்கு ஓடினாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. படத்தைப் பார்த்துப் பூரித்துப்போய், எழுத்து விடாமல் படிக்கச் சொன்னாள். பாவம் பாய், கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தார். கோபேயிலிருந்து கப்பலில் வந்த ஜப்பான் குதிரை என்கிற இடம் வந்தபிறகுதான் அவருக்கு டார்ச் லைட் நினைவுக்கு வந்தது. அவள் இன்னொரு தரம் படிக்கச் சொன்னாள். படித்தார். பேப்பரை மடித்து அவரிடமே கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

மூன்று நாள் அவள் லாயத்துப் பக்கமே வரவில்லை. ஊர் திரும்பிய செவலை, சுப்பையன் வேறு ஆளிடம் வாங்கிப் போட்ட புல்லைத் தொடாமல் சுவரைப் பார்த்து நின்றது. அடுத்த ஈப்போ பந்தயத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. அது கிடக்கட்டும், இப்படியே பட்டினி கிடந்தால் குதிரை பிழைக்குமா என்பதே சுப்பையனுக்குக் கவலையாகிவிட்டது. நான்காம் நாள் அவள் வீட்டு வாசலில் போய் நின்றான்.

"தப்பு என்னுதுக்கா. பொய் சொன்னது நானு, குதிரை இல்ல. மூணு நாளா அது ஒண்ணும் திங்கலக்கா."

அவள் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. தன் வயிறு எப்படி எரிந்திருக்கும் என்று இந்தப் பயல்களில் ஒருவனாவது நினைத்தானா என்றுதான் அவளுக்கு ஆத்திரம். அப்பாசாமியைக் கொண்டுபோனவனுக்கே தான் ஒரு வருஷமாகச் சோறு ஊட்டியதைப் போல அவளுக்குக் கூசியது. அதே சமயம், அது மூன்று நாளாக ஒன்றும் தின்னவில்லை என்று கேட்டதும் அரிவாளை எடுத்துக்கொண்டு வயலுக்கு ஓடத் தோன்றியது. இரண்டும் ஒன்றாக வந்ததுதான் வேதனை. அதுக்கு என்னா வயசு என்று மட்டும் கேட்டாள்.

"அஞ்சுக்கா. அம்பத்திரண்டுல பொறந்தது."

சாரதாம்பாள் விரல் விட்டு எண்ணினாள். பாதியில் எண்ணிக்கை தப்பிப்போய் மறுபடியும் எண்ணினாள்.

"அவரு போயி ஒம்பது வருசம் கழிச்சுப் பொறந்திருக்கு" என்றாள். பிறகு சுப்பையனைப் போகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் காலை அவன் லாயத்தைத் திறக்க வந்தபோது, ஈரச் சாக்கோடு அவள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்கப்புறம் ஒரு மாதம் பேசவில்லை. நேரே உள்ளே போனாள். செவலை திரும்பிப் பார்த்து, அவள் கழுத்தில் மூக்கை வைத்து மூச்சு விட்டது. அடக்கிவைத்திருந்த அழுகையெல்லாம் அப்போது வந்துவிட்டது.

"எங்க வீட்டுக்காரர ஒரு வார்த்த கேக்காமதான் வண்டில ஏத்துனானுங்க" என்று புல்லை ஊட்டிக்கொண்டே அதனிடம் சொன்னாள். "உன்னையும் கேட்டிருக்க மாட்டானுங்க."

செவலை ஈப்போவில் அந்தத் தடவை ஒரு தலை வித்தியாசத்தில் இரண்டாவதாக வந்தது. அதற்குப் பிறகு மூன்று வருஷம் ஓடி, இன்னும் நான்கு பந்தயம் ஜெயித்தது. ஒன்றைக்கூட சாரதாம்பாள் போய்ப் பார்த்ததில்லை. ஆனால் லாரி வந்து நிற்கிற ஒவ்வொரு தடவையும் அவள் வந்தாகவேண்டும், வரும்வரை சுப்பையன் காத்திருந்தாகவேண்டும். எந்த ஊருக்குக் கொண்டுபோகிறார்கள், என்ன கிழமை திரும்பக் கொண்டுவருவார்கள் என்று அதன் காதோடு சொல்லிவிட்டுத்தான் அதை ஏற்ற விடுவாள்.