கடைசியாக ஏறியவர் இறங்கவும்

எங்கள் குடியிருப்பின் லிஃப்ட் பேசும். பெங்களூரு வைட்ஃபீல்டின் இந்தப் பதினான்கு மாடிக் கட்டடத்துக்கு வாடகைக்கு வந்த புதிதில் அது எனக்கு வேடிக்கையாக இருந்தது. ஆள் அதிகமானால் முதலில் கீச்சென்று ஒரு சத்தம். பிறகு ஒரு பெண்குரல், ஆங்கிலத்தில், மிகுந்த மரியாதையோடு, எடை கூடிவிட்டது என்று அறிவிக்கும். யாருடைய எடை என்று சொல்லாது. கண்டுபிடிக்கும் வேலையை உள்ளே நிற்பவர்களிடம் விட்டுவிடும். அவர்களும் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார்கள். எல்லாக் கண்களும் ஒரே ஆள்மேல் போய் நிற்கும். வர்ஷினி உள்ளே இருந்தால் அந்த ஆள் வர்ஷினிதான். என் மகள். பத்தாம் வகுப்பு.

என் ஊரான குடியாத்தத்தில் இந்த வேலைக்கு மின்சாரம் தேவைப்படாது. அங்கே தெருவில் இறங்கினால் உடம்பைப் பற்றிய பேச்சுதான் வணக்கம். சின்ன வயதில் நான் ‘குச்சி’. பெங்களூருக்கு வேலைக்கு வந்து ஒரு வருடம் கழித்து முதல் தொப்பையோடு ஊருக்குப் போனபோது, “பெங்களூரு தண்ணி ஒத்துக்கிச்சு போல” என்று கடைத்தெருவே பூரித்தது. அதே தொப்பையை அதே மாதம் அலுவலக மருத்துவ முகாமில் ஒரு பெண் டேப்பால் அளந்து, எனக்கு முன்பின் தெரியாத ஆளின் மரணச் செய்தியைச் சொல்வதுபோல் முகத்தை வைத்துக்கொண்டாள். ஊரில் முகத்துக்கு நேரே சொல்வார்கள். இங்கே சொல்லமாட்டார்கள், டயட் சார்ட்டை ஃபார்வர்ட் செய்வார்கள். இது நாகரிகம் என்று நான் பல வருடம் நம்பியிருந்தேன்.

ஜூன் மாதத்து ஒரு சனிக்கிழமை. காய்கறி வாங்கிக்கொண்டு நானும் வர்ஷினியும் தரைத்தளத்தில் முதல் ஆட்களாக லிஃப்டில் ஏறி மூலையில் நின்றோம். ஆட்கள் நிறைந்தார்கள். கதவு மூடப் போகும்போது சேஷாத்ரி சார் தன் லாப்ரடாருடன் ஓடிவந்து ஏறினார். அவர் எங்கள் அசோசியேஷனின் செயலாளர். தாத்தா காலத்திலேயே மைசூர் அரசாங்க வேலைக்கு வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம். கன்னடத்தில் கோபப்படுவார், தமிழில் சமாதானமாவார். எங்களைப் போல் நேற்று வந்த வாடகைக்காரத் தமிழர்கள்மேல் அவருக்கு ஒரு மாமனாரின் பிரியம் உண்டு.

லிஃப்ட் கத்தியது. பெண்குரல் அறிவித்தது. “ஸ்வல்ப, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க,” என்று பொதுவாகச் சொன்னார் சேஷாத்ரி. எல்லோரும் பார்க்க வேண்டிய இடத்தைப் பார்த்தார்கள். ஓவர்லோடு ஆனால் கடைசியாக ஏறியவர் இறங்கவும் என்று கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் ஒரு நோட்டீஸ் அவர் தலைக்கு மேலேயே ஒட்டியிருந்தது. கீழே அவருடைய கையெழுத்து. அதை நான் தினமும் படிப்பவன். அன்றும் படித்தேன். படித்துவிட்டு, “நீ இறங்கிக்கோ கண்ணா, அடுத்ததுல வா,” என்றேன்.

அவள் ஏழு பேரையும் ஒரு நாயையும் விலக்கிக்கொண்டு இறங்கினாள். சத்தம் நின்றது. நாய் என் காய்கறிப் பையை முகர்ந்தபடி எங்கள் பதினோராவது மாடி வரை கூட வந்தது.

அடுத்த நாளிலிருந்து வர்ஷினி படியில் ஏறத் தொடங்கினாள். பதினோரு மாடி. நான் பெருமைப்பட்டேன். குடியிருப்பில் நடந்துகொண்டிருந்த நடைப்போட்டியின் வாட்ஸ்அப் குழுவில் அவள் எண்ணிக்கையை நானே பதிவிட்டேன். கட்டைவிரல்கள் குவிந்தன. மூன்று வாரத்தில் முகம் வற்றியது. பார்த்தவர்கள் எல்லாம் என்னை நிறுத்தி வாழ்த்தினார்கள். வேறு எந்த வீட்டுப் பிள்ளையின் முகம் இப்படி வற்றியிருந்தாலும் காய்ச்சலா என்று கேட்டிருப்பார்கள். ஒரே ஒருவர் வாழ்த்தவில்லை. எங்கள் காவலாளி மஞ்சுநாத். பாப்பா தினமும் ஏழாவது மாடிப் படியில் உட்கார்ந்துவிடுகிறாள், சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுகிறாள் என்று கன்னடத்தில் சொன்னார். என் கன்னடம் அரைகுறைதான். ஆனால் அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் எனக்குப் புரிந்தது. “ப்ராக்டிஸ், மஞ்சுநாத். போகப் போகச் சரியாயிடும்,” என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. இவனுக்குக் கன்னடம் வராது என்று நினைத்திருப்பார்.

ஜூலையில் ஒரு மாலை அவர்தான் போன் செய்தார். ஏழாவது மாடியில் அவள் மயங்கிக் கிடந்தாள். நெற்றியில் படியின் விளிம்பு பட்ட காயம்.

பெரிய மருத்துவமனையில் இளம் மருத்துவர் ஒருவர் நெற்றிக்குத் தையல் போட்டார். மயக்கத்துக்குக் காரணம் கேட்டேன். அவளைத் தலை முதல் கால் வரை ஒருமுறை பார்த்தார், பரிசோதனை முடிந்தது. எடையைக் குறைக்க வேண்டும் என்றார். காலையில் இரண்டு இட்லி போதும் என்று சார்ட் எழுதிக் கொடுத்தார். வர்ஷினி இட்லியைத் தொட்டுப் பல வாரம் ஆகியிருந்தது என்பது அவருக்கும் தெரியாது, அவள் டிபன் பாக்ஸைத் தினமும் கட்டிக்கொடுத்த எனக்கும் தெரியாது. பட்டினி கிடந்து விழுந்த பிள்ளைக்குக் குறைவாகச் சாப்பிடச் சொன்ன அந்தத் தாளை, படித்தவன் என்பதால், மடித்துப் பத்திரப்படுத்தினேன்.

என் மனைவி சுமதிக்கு அதில் திருப்தி இல்லை. ஒக்கலிபுரத்தில் சின்ன கிளினிக் வைத்திருக்கும் ஒரு பெண் மருத்துவரிடம் கூட்டிப்போனாள். அங்கே நாற்காலிகளுக்குக் கைப்பிடி இல்லை. வர்ஷினி உட்காருமுன் எப்போதும் நாற்காலியை அளந்து பார்ப்பாள் என்பதை, அவள் அளக்காமல் உட்கார்ந்த அன்றுதான் கவனித்தேன். மருத்துவர் அவளிடம், “வெயிட் பாக்கலாமா? பாத்தாலும் நம்பர் உனக்குத் தெரிய வேணாம்னா திரும்பி நின்னுக்கோ,” என்றார். பிறகு, “கடைசியா எப்போ வயிறு நிறையச் சாப்பிட்ட?” என்று கேட்டார்.

வர்ஷினி என்னைப் பார்த்தாள். “அப்பா என்னை லிஃப்ட்லேர்ந்து இறங்கச் சொன்னாருல்ல, அதுக்கு முந்தின நாள்.”

எந்த லிஃப்ட் என்று மருத்துவர் கேட்டார்.

எங்களைத் தனியாகக் கூப்பிட்டு, சாப்பாட்டை நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் வீட்டில் யாருடைய உடம்பைப் பற்றியும் பேசாமல் இருங்கள், நல்லதாகக்கூட வேண்டாம் என்றார். இவ்வளவுதானா என்று நினைத்தேன். இரண்டாம் நாளே எங்களுக்குப் பேச விஷயம் தீர்ந்துவிட்டது. குடியாத்தத்திலிருந்து என் அக்கா வீடியோவில் வந்தாள்.

“வர்ஷினி எப்பிடிடா இருக்கா, இளைச்சாளா?”

“கணக்குல நல்லா பண்றாக்கா.”

“நான் கேட்டது அது இல்லையே.”

“தெரியும். அதைக் கேக்காத.”

“எங்க பிள்ளைய நாங்க கேக்கக்கூடாதா? ரொம்பத்தான் பெங்களூர்க்காரனா ஆயிட்டடா நீ.” போனை வைத்துவிட்டாள். நடைப்போட்டிக் குழுவிலிருந்து நான் விலகியபோது இங்கே ஒருவர், இன்னும் உங்கள் ஊர்ப் பழக்கம் போகவில்லை, பிள்ளையை உணவால் கெடுக்கிறீர்கள் என்று எழுதினார்.

நடுவில் ஒரு நாள் என் போனை எடுத்து வர்ஷினியின் பெயரைத் திருத்தினேன் என்று பெருமையாகச் சொல்ல ஆசைதான். உண்மையில் அவள்தான், “உன் போன்ல நான் பூசணின்னு இருக்கேன்ப்பா. அஞ்சாவதுலேர்ந்து தெரியும்,” என்றாள். செல்லமாக வைத்தது என்றேன். “சரி,” என்றாள். அந்தச் சரி இன்னும் எனக்குள் கிடக்கிறது.

போன ஞாயிறு, தையல் பிரித்துச் சில வாரம் ஆனபின், முதல்முறையாக லிஃப்டில் வருகிறேன் என்றாள். கதவை ஒட்டிய மூலையில் நின்றாள், நான் பக்கத்தில். ஆட்கள் ஏறினார்கள். கடைசியில், வேறு யார், சேஷாத்ரி சாரும் நாயும். லிஃப்ட் கத்தியது. கண்கள் கிளம்பின. அவள் யாரையும் பார்க்கவில்லை. என்னை மட்டும் பார்த்தாள்.

“சார், கடைசியா ஏறினவங்க இறங்கணும்,” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொல்லி நோட்டீஸைக் காட்டினேன்.

அவர் தன் கையெழுத்தையே ஒரு கணம் பார்த்தார். பிறகு சிரித்தார். “கடைசியா வந்தவங்க இறங்கணும்னா பெங்களூரே காலியாயிடும் சார். முதல்ல உங்களைத்தான் இறக்கணும்.” இரண்டு பேர் சேர்ந்து சிரித்தார்கள். ஆனால் இறங்கினார். நாய்க்குத்தான் மனமில்லை, இழுக்க வேண்டியிருந்தது.

இறங்கியபிறகும் கதவு மூடவில்லை. எல்லோரும் இப்போது என்னைப் பார்த்தார்கள். கீழே பார்த்தேன். என் ஒரு கால் லிஃப்டுக்கு வெளியே இருந்தது. எப்போது எடுத்து வைத்தேன் என்று தெரியவில்லை. யாரும் சொல்வதற்கு முன்பே இறங்கத் தயாராக நிற்கும் பழக்கம்.

வர்ஷினி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“உள்ள வாப்பா. கதவு மூடணும்.”