நுனி ஒடிந்த வெண்டைக்காய்கள்

வண்டியில் வெண்டைக்காய் வாங்கும்போது அம்மா ஒவ்வொன்றாக நுனியை ஒடித்துப் பார்ப்பாள். பட்டென்று ஒடிந்தால் கூடைக்கு, வளைந்தால் திரும்ப வண்டிக்கு.

"எல்லாத்தையும் ஒடிச்சுப்போட்டா யாரும்மா வாங்குவா?" என்பார் வண்டிக்காரர்.

"முத்தலை நீயே கொண்டுபோயி வெஞ்சனம் வையி" என்பாள் அம்மா.

தினமும் வாசலில் இந்தச் சண்டை. தாங்க முடியாமல் செம்பட்டியில் விதை வாங்கிக் கொடுத்தேன். மொட்டைமாடியில் பழைய பெயின்ட் வாளிகளில் அவளே ஊன்றினாள். நாலு இலை விட்டதைப் பார்த்தாள். காய்ப்பதைப் பார்க்க அவள் இல்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்த வாரம், பறிக்கலாமென்று மாடிக்குப் போனேன். செடியில் நின்ற காய் ஒன்றுக்கும் நுனி இல்லை.

அணிலென்றால் பல் பதிந்திருக்கும். இது விரலால் ஒடித்தது. சொந்தச் செடியில் எவள் ஒடித்துப் பார்ப்பாள்? பக்கத்து மாடியைப் பார்த்து வாய்க்கு வந்தபடி கத்தினேன். மறுநாளும் புதுக் காய்களுக்கு நுனி இல்லை. கீழே இறங்கி வந்து கணவரிடம் சொன்னேன்.

அவர் காபி டம்ளரைக் கீழே வைத்தார். "நீதானே ஒடிச்ச? ரெண்டு நாளா விடியக்காலையில மாடியில நிக்கிறியே."

"நானா?"

என் கட்டைவிரலைப் பார்த்தேன். நக இடுக்கில் பச்சையாகப் பிசுபிசுப்பு காய்ந்திருந்தது.

"முத்தலை நீயே வெஞ்சனம் வையின்னு யாரையோ வஞ்சுக்கிட்டு வேற இருந்த" என்றார். "கூப்பிடப் பயந்துக்கிட்டு இறங்கி வந்துட்டேன். அம்புட்டும் அத்தை குரலு."