மாப்பிள்ளையை எடுத்தாச்சு

நான் கதை விடுகிறேன் என்று நினைப்பவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடலாம், எனக்கு நஷ்டமில்லை. இது நடந்தது. டீச்சருக்கு நடந்தது. டீச்சர் என்றால், வருடக்கணக்கில் கணக்குப் பாடம் எடுப்பவர். பேய், பிசாசு, விளம்பரம், பல் டாக்டரின் வாக்குறுதி என்று நிரூபிக்க முடியாத எதையும் நம்பாதவர். கடைசியாகச் சொன்ன அந்தப் பல் டாக்டர்தான் அவருடைய கணவர்.

டாக்டருக்கு நாற்பத்தெட்டு வயதில் கடல் பைத்தியம் பிடித்தது. நீச்சல் கற்பதற்கு முன்பே தொப்பி வாங்கினார். வெள்ளைத் தொப்பி, நெற்றியில் தங்க நிற நங்கூரம். பிறகு படகு வாங்கினார். பாய்மரப் படகு, உள்ளே நான்கு பேர் படுக்கலாம், சின்ன அடுப்பு கூட உண்டு. பள்ளி விடுமுறையில் மனைவியையும் பதினோரு வயது மகளையும் ஏற்றிக்கொண்டு தீவு தீவாகச் சுற்றப்போவதாக, வாயைப் பிளந்து படுத்திருந்த ஒவ்வொரு நோயாளியிடமும் சொன்னார். பதில் பேச முடியாதவர்களிடமே பேசிப் பழகிய மனிதர் வேறு எப்படி இருப்பார்?

படகுத்துறைக்காரர்கள் சான்றிதழ் இல்லாமல் வெளியே விடமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அதனால் ஐந்து நாள் பயிற்சி. டீச்சரும் கூடச் சேர்ந்தார். ஆசையால் அல்ல. கணவர் தோற்பதைப் பக்கத்தில் இருந்து உறுதிசெய்யத்தான். இந்த ஆள் தேறிவிட்டால் மகள் அந்தப் படகில் ஏறுவாள். கார் நிறுத்தவே மூன்று முறை முன்னும் பின்னும் போகிறவர் கையில், கடலில், தன் ஒரே பெண்.

சொல்லிக்கொடுத்தவரை எல்லோரும் மாஸ்டர் என்றார்கள். அவருக்கு மனிதர்கள் மேலேயே பெரிய மரியாதை இல்லை. பொழுதுபோக்குக்குப் படகேறும் ஞாயிற்றுக்கிழமை மாலுமிகள் மேல் சுத்தமாக இல்லை. முதல் நாளே ஆளுக்கொரு பாதுகாப்பு வார் கொடுத்தார். கெட்டியான நாடா, இரண்டு முனையிலும் இரும்புக் கொக்கி. ஒரு கொக்கி மார்பில், லைஃப் ஜாக்கெட்டின் வளையத்தில். இன்னொரு கொக்கி படகின் வளையத்தில். கால் இடறினாலும் கடல் உங்களைக் கொண்டுபோகாது.

டாக்டர் அதைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தார். "என்ன மாஸ்டர், நாயைக் கட்டற மாதிரி கட்டறீங்க?"

"நாய் தொலைஞ்சா தேடுவாங்க, டாக்டர்" என்றார் மாஸ்டர்.

அதட்டினால் மாட்டுவார். மாஸ்டர் முதுகைத் திருப்பியதும் கழற்றிவிடுவார். நாயாவது சொன்ன பேச்சைக் கேட்கும் என்று டீச்சர் நினைத்துக்கொண்டார்.

அந்த ஐந்து நாளில் அதிகம் பழகியது ஒரே ஒரு பாடம்தான். படகிலிருந்து ஆள் விழுந்தால் எப்படி மீட்பது. விழுவதற்கு ஒரு பொம்மை வைத்திருந்தார்கள். பழைய வெள்ளை மிதவை ஒன்றுக்கு மஞ்சள் மழைக்கோட்டு போட்டு, கனத்துக்கு ஒரு வாளியைக் கட்டியிருந்தார்கள். அதற்கு மாப்பிள்ளை என்று பெயர். ஒரு வேலையும் செய்யாது. எல்லோரும் ஓடி ஓடி உபசரிக்க வேண்டும். பெயர் வைத்தவர் யாரோ, அனுபவசாலி.

மாப்பிள்ளை விழுந்ததும் ஒருவர் கத்த வேண்டும். ஒருவர் படகைத் திருப்ப வேண்டும். ஒருவர் கை காட்ட வேண்டும். கை காட்டுபவருக்கு வேறு வேலையே கிடையாது. கயிற்றைத் தொடக்கூடாது, திரும்பக்கூடாது. நீட்டிய கையை இறக்கக்கூடாது. ஏனென்றால் அலைக்கு நடுவே ஒரு தலை என்பது தேங்காய் அளவுதான். ஒரு நொடி கண்ணை எடுத்தால் போச்சு.

"நீ சும்மா கை காட்டிட்டு நில்லு. உனக்கு அதுதான் சரி" என்று டாக்டர் தாராள மனதோடு அந்த வேலையை மனைவிக்குக் கொடுத்தார்.

டீச்சருக்குச் சரியாகத்தான் இருந்தது. பரீட்சை அறையில் மூன்று மணி நேரம் இமைக்காமல் நின்றவர் அவர். பின்வரிசையில் எவன் பிட்டு வைத்திருக்கிறான் என்று முதுகாலேயே கண்டுபிடிப்பவர்.

கடைசி நாள் மாலை ஆறு நாற்பது. கடைசிப் பரீட்சை. காற்று மெல்ல விழுந்துகொண்டிருந்தது. வானமும் கடலும் ஒரே சாம்பல் நிறம். படகில் மூன்று பேர்தான். மாஸ்டர் மாப்பிள்ளையைத் தூக்கி எறிந்தார்.

"ஆள் விழுந்துட்டார்!"

டீச்சர் கையை நீட்டினார். டாக்டர் சுக்கானைப் பிடித்தார்.

முதல் சுற்றில் மாப்பிள்ளையை இடித்துவிட்டார். உண்மையான ஆளாக இருந்தால் மண்டை பிளந்திருக்கும். இரண்டாவது சுற்றில் எங்கேயோ போய்விட்டுத் திரும்பி வந்தார். டீச்சருக்கு உள்ளூரக் குளிர்ந்தது. தோற்கப் போகிறார். நிச்சயம் தோற்கப் போகிறார்.

அப்போதுதான் கவனித்தார். தூரத்தில் மஞ்சள் புள்ளி. அதிலிருந்து கொஞ்சம் தள்ளி, தண்ணீருக்குள், இன்னொரு நிழல். பாசியாக இருக்கும். ஆனால் பாசி அலையோடு போகும்... இது படகை நோக்கி வந்தது.

மூன்றாவது சுற்றிலும் டாக்டர் மாப்பிள்ளையைத் தாண்டிப் போய்விட்டார். டீச்சர் படகின் பின்முனைக் கம்பியை இடது கையால் பிடித்து, பின்னால் போகும் மஞ்சளை வலது கையால் காட்டியபடி நின்றார். கணவரும் மாஸ்டரும் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தார்கள்.

"இதோ, இடது பக்கம்! கிட்ட வந்துடுச்சு!" என்று டாக்டர் கத்தினார். "மாஸ்டர், நீங்க பாயை இறக்குங்க. நானே எடுக்கறேன்!"

சுக்கானை விட்டுவிட்டுக் கொக்கிக் கழியை எடுக்கும் சத்தம். தண்ணீர் அளையும் சத்தம்.

"என்ன இவ்வளவு கனம்..." டாக்டர் முக்கினார்.

தொப்.

ஈரமான எதுவோ தளத்தில் விழுந்தது.

"எடுத்தாச்சு! மாப்பிள்ளையை எடுத்தாச்சு!" தனக்குத் தானே கை தட்டிக்கொண்டார் டாக்டர்.

டீச்சர் கையை இறக்கவில்லை. மஞ்சள் மழைக்கோட்டு அதோ, தூரத்தில், அலையில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"ஏங்க... மாப்பிள்ளை இன்னும் அங்கதான் இருக்கு."

"இவளுக்குக் கண்ணாடி மாத்தணும், மாஸ்டர்."

இருபது வகை வெள்ளையில் எந்தப் பல்லுக்கு எந்த வெள்ளை என்று பிரிக்கத் தெரிந்த டாக்டரின் கண் அது. அந்தக் கண்ணுக்குத் தன் காலடியில் கிடந்தது மஞ்சளா இல்லையா என்று தெரியவில்லை.

கைதட்டல் நின்றது.

நின்ற பிறகும்... ஒரு கைதட்டல் கேட்டது.

சப். சப். ஈரக் கைகள். மெதுவாக.

பிறகு மாஸ்டரின் குரல், முன்பக்கம் பாய்மரத்தடியிலிருந்து. ஐந்து நாளில் டீச்சர் கேட்காத குரல்.

"டீச்சர். திரும்பாதீங்க."

"என்ன மாஸ்டர்?"

"கையை இறக்காதீங்க. மாப்பிள்ளையவே பாருங்க. திரும்பாதீங்க."

மாஸ்டர் சுக்கானுக்கு ஓடிவரும் சத்தம். எஞ்சின் உறுமியது. படகு கரையை நோக்கி விரைந்தது. மஞ்சள் புள்ளி சிறுத்துக்கொண்டே போனது. டீச்சர் கை காட்டிக்கொண்டே நின்றார்.

பின்னால் சொட்டுச் சத்தம்.

டப்... டப்... டப்...

ஒரு இடத்தில் அல்ல. நடந்துகொண்டே சொட்டியது.

கணவர் ஏதோ முனகினார். பாதிச் சொல்லில் நிறுத்திவிட்டார். அவர் பாதியில் நிறுத்தி டீச்சர் கேட்டதே இல்லை.

'டக்.'

இரும்பு இரும்பில் மாட்டும் சத்தம்.

பிறகு சொட்டுச் சத்தம் டீச்சருக்கு நேர் பின்னால் வந்தது.

நின்றது.

கை வலித்தது. நீட்டிய கை தானாகக் கீழே இறங்கத் தொடங்கியது...

அவர் முழங்கைக்கு அடியில் ஒரு உள்ளங்கை வந்தது.

சில்லென்று. ஈரமாக.

மெல்லத் தூக்கிப் பிடித்தது.

தள்ளி, சுக்கான் பக்கம் மாஸ்டர் இருமினார். இடது பக்கம் கணவர் விசும்பினார்.

அப்படியானால் இது...

டீச்சர் திரும்பவில்லை.

மஞ்சள் கண்ணுக்குத் தெரியாமல் போன பிறகும், அந்த இடத்தையே காட்டிக்கொண்டு நின்றார். படகு துறையில் மோதி நின்றபோது, முழங்கைக்கு அடியில் எதுவும் இல்லை. யாரும் குதித்த சத்தமும் இல்லை.

அப்போதுதான் திரும்பினார். தளம் முழுக்க ஈரம். வேறொன்றும் இல்லை. டாக்டர் இருக்கையில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். தொப்பி காணோம், முகத்தில் ஈயாடவில்லை. அவர் மார்பில் பாதுகாப்பு வார் மாட்டியிருந்தது. பரவாயில்லை, கடைசியில் மாஸ்டர் மாட்டிவிட்டிருக்கிறார் என்று டீச்சர் நினைத்தார்.

ஆனால் வாரின் மறுமுனை படகின் வளையத்தில் இல்லை. இடது பக்கம் வழியாகத் தண்ணீருக்குள் போயிருந்தது. நின்ற படகு. அசையாத தண்ணீர். வார் மட்டும் விறைப்பாக, நேர் கீழாக நின்றது.

மாஸ்டர் அதை இழுத்துப் பார்க்கவில்லை. கத்தியை எடுத்து அறுத்தார். அறுந்த முனை தண்ணீருக்குள் போன விதம் டீச்சருக்குப் பிடிக்கவில்லை. விழவில்லை அது. யாரோ கை மாற்றி மாற்றிச் சுருட்டிக்கொள்வது போல நிதானமாகப் போனது.

இரண்டு நாள் டாக்டர் வாயைத் திறக்கவில்லை. வீடு அவ்வளவு நிம்மதியாக இருந்ததே இல்லை. மூன்றாம் நாள் ஆரம்பித்தது சப்பைக்கட்டு. "யாரோ தூக்கிப் போட்ட பழைய லைஃப் ஜாக்கெட். பாசி பிடிச்சுக் கனமா இருந்துச்சு. வேற ஒண்ணுமில்ல." ஒரு வாரத்தில் அது வீரக்கதை ஆகிவிட்டது. இருட்டில், கொந்தளிக்கும் கடலில், பயந்துபோன மாஸ்டருக்கு இவர்தான் தைரியம் சொன்னாராம். அறுந்த வாரின் பாதியை வெற்றிச் சின்னமாகப் பால்கனிக் கொடியில் தொங்கவிட்டார். சான்றிதழும் வந்து சேர்ந்தது. நீரில் இருந்ததை எடுத்தார் அல்லவா, தேறிவிட்டாராம்! மகள் துணிகளை அடுக்க ஆரம்பித்தாள்.

டீச்சர் கிளம்பி, படகுப் பயிற்சிப் பள்ளிக்குப் போனார்.

மாஸ்டர் பின்பக்கச் சாமான் அறையில் கயிறு சுற்றிக்கொண்டிருந்தார். டீச்சர் நேராகவே கேட்டார். "எதுக்கு அவருக்குச் சான்றிதழ் குடுத்தீங்க? உங்களுக்கு மனசாட்சி இருக்கா?"

"வாயை மூடிக்கிட்டுப் போகட்டும்னு குடுத்தேன்." மாஸ்டர் நிமிரவில்லை. "தப்புதான். ரத்து பண்ணிடறேன்."

"அன்னைக்கு என்னத்தப் பாத்தீங்க?"

அவர் கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றினார். பிறகு ஒரே சொல் சொன்னார். "ஆரஞ்சு."

ஒன்பது வருடத்துக்கு முன்பு, அதே பயிற்சிப் படகு. பயிற்சிக்கு வந்த மூவரில் ஒரு இன்ஜினியர், ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட். மாஸ்டர் மாப்பிள்ளையை வலது பக்கம் எறிந்தார். எல்லோரும் வலது பக்கமே பார்த்தார்கள். பாடத்தில் இருந்தபடியே எல்லாம் நடந்தது. அவ்வளவு அழகாக யாரும் செய்ததில்லை.

"மாப்பிள்ளையை எடுத்ததும் கை தட்டினோம், டீச்சர். அவர் இடது பக்கமா எப்பவோ விழுந்திருக்கார். கத்தியிருப்பார். கைதட்டல்ல கேக்கல. துறைக்கு வந்து எண்ணிப் பாத்தா ரெண்டு பேர், ஒரு பொம்மை."

பொம்மையைக் காப்பாற்றிவிட்டு மனிதனை விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். கை தட்டி. டீச்சருக்கு அந்த அறையில் நிற்கவே அருவருப்பாக இருந்தது.

"அவர் வார் போடலையா?"

"போட்டிருந்தார். ஒரு கொக்கி மார்ல இருந்துச்சு. இன்னொண்ணை எதுலயும் மாட்டல." மாஸ்டர் கயிற்றைக் கீழே வைத்தார். "உடம்பு கிடைக்கவே இல்ல."

டீச்சர் கிளம்பினார். வாசலில் நினைவு வந்தது. "அன்னைக்கு எங்க வீட்டுக்காரர் வாரை அறுத்தீங்களே, அதுல பாதி எங்க வீட்ல இருக்கு. கொண்டுவந்து தரட்டுமா?"

மாஸ்டர் அவரை விநோதமாகப் பார்த்தார். "அந்த வாரை நீங்கதான் வீட்லேருந்து கொண்டுவந்து மாட்டிவிட்டீங்கன்னு நெனச்சேன்."

"நானா? நான் கை காட்டிட்டிருந்தேனே."

மாஸ்டர் சுவரைக் காட்டினார். வரிசையாக ஆணிகள். ஒவ்வொன்றிலும் ஒரு வார், அதன்மேல் ஒட்டுத்தாளில் பெயர். கடைசி ஆணியில் தொங்கியதில் 'பல் டாக்டர்' என்று எழுதியிருந்தது. முழு வார். அறுபடாதது. சருகு மாதிரிக் காய்ந்திருந்தது.

"கடைசி நாள் அவர் இதை எடுக்கவே இல்ல. நானும் பாக்கல."

டீச்சர் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். டாக்டர் புதுத் தொப்பி ஒன்றைக் கண்ணாடி முன் சரிபார்த்துக்கொண்டிருந்தார். டீச்சர் அவர் முன் மேசையில் வாரை வைத்தார். ஒட்டுத்தாளில் இருந்த பெயரை அவர் இரண்டு முறை படித்தார்.

"அப்போ... நான் போட்டிருந்தது யாரோடது?"

"உங்களை அதுல மாட்டினவரோடது."

அவர் தொப்பியைக் கழற்றினார். அவர் வாங்கிய படகு இப்போது வேறு எவரோ ஒரு பெரிய மனிதரிடம் இருக்கிறது. மகள் விடுமுறை முழுவதும் கரையில்தான் இருந்தாள். டாக்டர் நோயாளிகளிடம் பேசுவதும் வெகுவாகக் குறைந்துவிட்டது. நல்ல டாக்டர் என்று பெயர் எடுத்திருக்கிறார்.

பால்கனிக் கொடியில் தொங்கும் அந்தப் பாதி வாரைத் தொட வீட்டில் யாருக்கும் துணிவில்லை. போன வாரம் நான் போயிருந்தபோது பார்த்தேன். நல்ல கோடை, கொளுத்தும் வெயில், ஒரு வருடம் ஆகிவிட்டது. அடியில் ஒரு வாளி வைத்திருக்கிறார்கள். தினமும் காலையில் டீச்சர்தான் அதைக் கொட்டுகிறார். உப்புத் தண்ணீராம்.