எல்லோருக்கும் முழுப்பேர்

வேனில் ஏறியவர்கள் இவர்கள்: பத்தாம் தரத்துப் பையன்கள் இருவர், பெண் பிள்ளைகள் இருவர், அவர்களில் ஒருத்தியின் அம்மா, ஓட்டுநர், நான். வராதவள் ஒருத்தி. எங்கள் ரோபோ குழுவில் நிரல் எழுதுவதில் அவள்தான் கெட்டிக்காரி என்பது எனக்குத் தெரியும். மற்ற நால்வருக்கும் நிரல் எழுத அறவே தெரியாது என்பது அன்று காலையில் எனக்குத் தெரியாது.

வராத காரணத்தை அவளுடைய அப்பா, தொழிலாளர் வீடுகள் இருக்கும் லயத்து முனையில் வந்து சொன்னார். முந்தின நாள் தேயிலைக் கொழுந்து எடுக்கும்போது அவளுடைய அம்மாவைக் குளவி கொட்டிவிட்டது. பதுளை ஆஸ்பத்திரியில் இருக்கிறார். பெண்கள் வார்டு என்பதால் மகள்தான் துணைக்கு நிற்கிறாள்.

"போன்ல சார்ஜ் இல்ல போல சேர், எடுக்க மாட்டேங்குது. நீங்க நிக்காம போங்க" என்றார்.

நாங்களும் பதுளைக்குத்தான் போய்க்கொண்டிருந்தோம், மாகாணப் போட்டிக்கு. வேன் வாடகைக்கு ஐந்து வீட்டாரும் ஆளுக்கு இரண்டு நாள் சம்பளம் கொடுத்திருந்தார்கள்.

பூனாகலைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் நான் கணினி படிப்பிக்கிறேன். எங்கள் வீட்டில் பத்தாம் தரத்தைத் தாண்டிய முதல் ஆள் நான். அதனாலோ என்னவோ, எதையும் எழுதி, அளந்து, சரியாகச் செய்துவிட வேண்டும் என்ற பதற்றம் எனக்கு எப்போதும் உண்டு. கொழும்பிலிருந்து ஒரு அமைப்பு இரண்டு மடிகணினிகளும் ரோபோ பாகங்கள் அடங்கிய ஒரு பெட்டியும் ஒரு வருடத்துக்குத் தந்தது. மாதாமாதம் இலக்கு வைத்து, எட்டினோமா இல்லையா என்று அறிக்கை அனுப்ப வேண்டும். வருட முடிவில் பிள்ளைகள் ஐந்து பேரும் தனியாக நிரல் எழுதப் பழகியிருந்தால் எல்லாம் எங்களுக்கே சொந்தம். இல்லாவிட்டால் வேறு பாடசாலைக்குப் போகும்.

நான் ஒரு பிரிஸ்டல் போர்ட் அட்டையில் கட்டம் போட்டுச் சுவரில் ஒட்டினேன். ஒவ்வொருவருக்கும் வாரம் ஒரு வேலை. வெள்ளிக்கிழமை முடித்துக் காட்டினால் முழு வட்டம், பாதி என்றால் அரை வட்டம். இரண்டாம் வாரமே பிள்ளைகள் அதற்குத் தோட்டத்துப் பெயரை வைத்துவிட்டார்கள். தோட்டத்தில் சொன்ன கிலோ கொழுந்து எடுத்தால் முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம். குறைந்தால் அரைப்பேர்.

"சேர், இவனுக்கு இந்த வாரமும் அரைப்பேரு. வீட்டுல சோறும் அரைதான்" என்று கத்துவார்கள்.

எனக்கு அது பிடித்திருந்தது. இலக்கு என்றால் என்னவென்று அவர்களுக்கு விளங்கிவிட்டது என்று நினைத்தேன். நானும் வட்டத்தை விட்டுவிட்டு முழுப்பேர், அரைப்பேர் என்றே எழுதினேன். மூன்றாம் மாதத்திலிருந்து அரைப்பேரே விழவில்லை. ஐந்து பேருக்கும் முழுப்பேர், வாராவாரம். ஐந்து பேரும் தனியாக எழுதுகிறார்கள் என்று மாதாமாதம் அறிக்கை அனுப்பினேன். அந்த அறிக்கைகளை எழுதி முடிக்கையில் உடம்பில் இருந்த களைப்பைக்கூட ஒரு நல்ல அடையாளமாகவே எடுத்துக்கொண்டேன்.

வேனில் கூட வந்த அம்மா சொன்னார்: "எம் மகளுக்கு வீட்டுல பல்பு மாத்தத் தெரியாது சேர். ரோபோ ஓட்டுறாளாம்."

"பல்புக்குப் புரோகிராம் இல்லம்மா" என்றாள் மகள். எல்லோரும் சிரித்தோம்.

போட்டியில் ரோபோ தரையில் ஒட்டிய கறுப்புக் கோட்டைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டும். மூன்று தடவை ஓட்டலாம். முதல் ஓட்டத்தில் மூன்றாவது வளைவிலேயே கோட்டை விட்டு வெளியே போய்விட்டது. மண்டபத்தின் வெளிச்சம் எங்கள் வகுப்பறை வெளிச்சம் இல்லை. நிரலில் ஒரு எண்ணை மாற்றினால் சரியாகிவிடும். அது எந்த இடத்தில் என்று எழுதியவருக்குத்தான் தெரியும். அந்தப் பகுதியை எழுதியதாகக் கட்டத்தில் முழுப்பேர் வாங்கியிருந்த பையனைப் பார்த்தேன்.

"எந்த இடத்துல மாத்தணும்?"

அவன் திரையை மேலும் கீழும் தள்ளினான். காது சிவந்துவிட்டது. "அவ இருந்தா சொல்லிருவா சேர்."

அடுத்த ஓட்டங்களுக்கு ஒரு மணிநேரம் இருந்தது. பிள்ளைகளை அந்த அம்மாவிடம் விட்டுவிட்டு த்ரீவீல் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவளைக் கூட்டிவரத்தான் போனேன். அதை மறைப்பதற்கில்லை.

கட்டிலில் அவளுடைய அம்மாவின் முகம் வீங்கி, இரண்டு கண்களும் மூடிக் கிடந்தன. அவள் என்னைக் கண்டதும் எழுந்தாள்.

"வளைவுல வெளிய போயிருச்சா சேர்?"

"ஆமா. அந்தப் பகுதிக்கு முழுப்பேர் வாங்கினவனுக்கே நம்பர மாத்தத் தெரியல. அவன் எழுதினதுதானே?"

"அவன் எழுதல சேர். நான்தான். நாலு பேரோடதும்" என்றாள்.

"ஏம்மா?"

"நீங்க அரைப்பேரு போட்டுருவீங்க. நானும் சும்மா செய்யல சேர். என் இங்கிலிஸ் கட்டுரையெல்லாம் அவங்கதான் எழுதித் தாறாங்க."

எனக்குக் கோபம் வரவில்லை. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில், என் அம்மா தன் சாக்கிலிருந்து இரண்டு கை அள்ளிப் பக்கத்துக்காரியின் சாக்கில் போட்டது ஞாபகம் வந்தது. அந்த அக்காவுக்கு அன்று கிலோ குறைவு. இன்னொரு நாள் அம்மாவுக்குக் குறைந்தால் அவர் போடுவார். தராசில் எல்லோருக்கும் முழுப்பேர் விழும். அதைப் பார்த்து வளர்ந்தவன், அதே அளவுகோலைச் சுவரில் ஒட்டிவிட்டு, பிள்ளைகள் வேறு மாதிரி நடப்பார்கள் என்று எதிர்பார்த்திருக்கிறேன்.

"கூட்டிட்டுப் போங்க சேர், எனக்கு ஒண்ணுமில்ல" என்றார் அவளுடைய அம்மா, கண்ணைத் திறக்க முடியாமலேயே. ஆனால் அவருடைய கை மகளின் சட்டை ஓரத்தைப் பிடித்திருந்தது. அவள் என் முகத்தைப் பார்த்தாள். போ என்றாலும் இரு என்றாலும் கேட்டுக்கொள்ளும் பார்வை.

"நீ இரு" என்றேன்.

மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எந்த வரி, எந்த எண் என்று எழுதித் தந்தாள். நான் திரும்பியபோது இரண்டாவது ஓட்டமும் வீணாகியிருந்தது. மூன்றாவதில் அந்த எண்ணைப் போட்டோம். ரோபோ மூன்றாவது வளைவைத் தாண்டியது, நான்காவதைத் தாண்டியது, ஐந்தாவதில் நின்றுவிட்டது. ஏன் நின்றது என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. கடைசி ஆளுக்கு முந்தின இடம்.

அடுத்த வாரம் அமைப்பின் அதிகாரி தொலைபேசியில் பேசினார். தமிழர்தான், நல்ல மனிதர். "போட்டிய விடுங்க சேர். அஞ்சு பேரும் தனியா எழுதுறாங்கன்னுதானே உங்க ரிப்போர்ட்ல இருக்கு? கடைசி ரிப்போர்ட்லயும் அதையே எழுதுங்க. பெட்டி உங்களுக்குத்தான்."

இரண்டு நாள் அந்தப் படிவத்தை வைத்துக்கொண்டிருந்தேன். ஐந்து என்று எழுதினால் நால்வரும் வருகிற வருடம் உண்மையிலேயே பழகிக்கொள்ளலாம். அதுவும் நினைத்தேன். ஆனால் ஐந்து என்று எழுதினால் அடுத்த வருடமும் அவள்தான் ஐந்து பேருக்கும் எழுதிக்கொண்டிருப்பாள். அந்த இடத்தில் ஒன்று என்று எழுதி அனுப்பினேன்.

பெட்டியையும் மடிகணினிகளையும் ஏற்றிப்போக வாகனம் வந்த அன்று, காது சிவந்த அந்தப் பையன்தான் தூக்கிக்கொடுத்தான்.

"அஞ்சுன்னே போட்டிருக்கலாமே சேர். யாருக்கு நட்டம்?"

அவள் பக்கத்தில் நின்று வயர்களை எண்ணிச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

அன்று மாலை அவள் வீட்டார் இருக்கும் லயத்துக்குப் போய், அவர்கள் வேனுக்குக் கொடுத்த பங்கைத் திருப்பித் தருவதாகச் சொன்னேன். அவளுடைய அம்மா, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு மறுபடியும் போகத் தொடங்கியிருந்தார். முகத்தில் இன்னும் கறுத்த தழும்புகள்.

"நாலு பேரு போனாங்கல்ல. நம்ம புள்ளைங்கதானே. வச்சுக்குங்க சேர்" என்றார்.

கையில் வைத்திருந்த பணத்தோடு மேட்டில் ஏறிவந்தேன். வேன் வாடகையைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: ஐந்து வீடு, வீட்டுக்கு இரண்டு முழுப்பேர், ஒரு முழுப்பேருக்குப் பதினெட்டு கிலோ. நூற்று எண்பது கிலோ கொழுந்து.