விட்டுப் போனவருக்கு ஒரு போன்

விவசாயிகள் வாழைத்தார் விற்க ஆப் உருவாக்கியவர் அவர். இணையத்தில் அவருடைய மேடைப் படங்களைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். அவர் கம்பெனியில் சேரலாமா என்று தங்கை கேட்டதும், குறை கண்டுபிடிக்கவே கே.கே. நகர் அலுவலகத்துக்குப் போனேன்.

கசங்கிய சட்டை. பேசும்போதெல்லாம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"உங்க ஆப்பைப் பத்தி யார்கிட்ட விசாரிக்கலாம்?" என்றேன்.

"வேண்டாம்னு விட்டுட்டுப் போனவர்கிட்டயே கேளுங்க சார்." முசிறி விவசாயி ஒருவருக்குப் போன் போட்டு என்னிடம் நீட்டிவிட்டு, வெளியே போய் நின்றுகொண்டார்.

"ஆப்பு சுத்த மோசங்க," என்றார் விவசாயி. "ஆனா திட்டுனா நேர்ல வந்து நிப்பாரு. ஆளை நம்பலாம்."

நானும் கம்பெனி நடத்தி மூடியவன். என் ஆப் நன்றாகவே வேலை செய்தது. என்னைப் பற்றி இப்படிச் சொல்லத்தான் ஆளில்லை.

விவசாயி சொன்னதைத் தங்கையிடம் சொல்ல எனக்கு இன்னும் மனசு வரவில்லை.